ஜாயின் ஃபங்ஷனை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோப்புப் பாதைகளைக் கையாளும் லைப்ரரிகளை எழுதுகிறவர்களுக்கும் பராமரிக்கிறவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் பைத்தான் பக்கமோ, ஜாவா பக்கமோ, ரஸ்ட், கோ, நோட் எதுவோ, இந்த மடல் உங்கள் எல்லாருக்கும்தான். வெளியாள் ஒருவர் கொடுத்த பெயரை வாங்கி, என் ஃபோல்டருக்குள் மட்டும் அதை வைக்க வேண்டும் என்று ஒருவன் நினைக்கும்போது அவன் கைக்கு முதலில் எட்டுவது நீங்கள் எழுதிய ஒரு சின்ன ஃபங்ஷன். பெரும்பாலும் அதன் பெயர் ஜாயின். அடிப்படை ஃபோல்டரும் பெயரும் ஸ்ட்ரிங்குகளாக உள்ளே போகும், இரண்டையும் ஒட்டிய பாதை ஒரு ஸ்ட்ரிங்காக வெளியே வரும். அந்தச் சின்ன ஃபங்ஷனைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் என் கதை. சில வருடங்களுக்கு முன் பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து சேர்த்து வைக்கும் ஒரு சிறு குழுவுக்கு நான் நிரல் எழுதிக் கொடுத்தேன். ஆங்காங்கே இருக்கும் தன்னார்வலர்கள் ஒவ்வொரு இதழையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து ஜிப் கோப்பாக்கி ஏற்றுவார்கள், சர்வர் அதைப் பிரித்து ஒவ்வொரு இதழுக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு வைக்கும். பெயர்களை நம் வசதிக்கு மாற்றி வைக்க வேண்டியிருந்ததால், லைப்ரரி தரும் மொத்தமாகப் பிரிக்கும் வசதியை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்து நானே எழுதினேன். எச்சரிக்கையாகத்தான் எழுதினேன். பெயரில் எங்காவது ../ (ஒரு ஃபோல்டர் மேலே ஏறு என்று பொருள்) இருந்தால் நிராகரி, பெயர் / என்று ஆரம்பித்தால் நிராகரி, மிச்சமிருப்பதை அடிப்படை ஃபோல்டரோடு ஜாயின் செய், எழுது. நான்கு வரி. ஓடியது.

ஒரு நாள் ஒரு தன்னார்வலர் அனுப்பிய ஜிப்பில் எல்லாம் குழம்பிக் கிடந்தது. விண்டோஸில் ஏதோ ஒரு பழைய கருவியில் செய்த ஜிப் அது, உள்ளே பெயர்கள் எல்லாம் பின்சாய்ந்த கோட்டோடு இருந்தன, படங்கள்\பக்கம்-012 என்கிற மாதிரி. லினக்ஸுக்கு அந்தக் கோடு ஒரு சாதாரண எழுத்து. அதனால் ஃபோல்டர் எதுவும் உருவாகாமல் 96 பக்கமும் நீளநீளமான பெயர்களோடு ஒரே இடத்தில் குவிந்துவிட்டன. சரி, இதென்ன பெரிய விஷயம் என்று ஒரு வரி சேர்த்தேன்: \ எங்கே இருந்தாலும் / என்று மாற்று. அந்த வரியை, ஜாயினுக்கு நேர் மேலே, சோதனை வரிகளுக்குக் கீழே போட்டேன். அடுத்த ஏற்றத்தில் எல்லாம் ஒழுங்காக வந்தது. இன்னொருவர் அந்த மாற்றத்தைப் பார்த்து ஒப்புதலும் கொடுத்தார்.

நான்கு மாதம் கழித்துப் புதிதாக வந்து சேர்ந்த ஒரு தம்பி நிரலைப் படித்துக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நின்றுவிட்டு, "அண்ணா, இந்த ரெண்டும் இடம் மாறி இருக்கே?" என்றான். எனக்கு உடனே புரியவில்லை. அவன் பேசாமல் ஒரு ஜிப் செய்தான், உள்ளே ஒரே ஒரு கோப்பு, அதன் பெயர் ..\..\பொது\வணக்கம். ஏற்றினான். சோதனை வரி ../ இருக்கிறதா என்று பார்த்தது, இல்லை, விட்டுவிட்டது. அடுத்த வரி \ எல்லாவற்றையும் / ஆக்கியது. ஜாயின் அதை வாங்கி ஒட்டிக்கொடுத்தது. குழுவின் பொதுத் தளத்தைத் திறந்தால் அவன் எழுதிய "வணக்கம்" அங்கே உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்றும் காட்டினான்: பெயரை \ என்று ஆரம்பித்தால் இன்னும் சுலபம், மேலே ஏறி வரவே வேண்டாம், நேராக டிஸ்கின் வேரிலிருந்தே பாதை சொல்லலாம். ஏனென்றால் ஜாயின் இரண்டாவதாக வருவது முழுப்பாதை என்று கண்டால் முதலாவதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. ஒரே வரியில் இரண்டு ஓட்டை. அன்று இரவு லாக் முழுவதையும் அலசினோம். தவறாக எதுவும் நடந்த தடயம் இல்லை. ஆனால் லாக் 30 நாளுக்குத்தான் வைத்திருந்தோம், அதற்கு முந்தைய மூன்று மாதத்தைப் பற்றி என்னால் யாருக்கும் உறுதி சொல்ல முடியவில்லை, இன்றுவரை.

தவறு என்னுடையது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த இரவுக்குப் பிறகு இதே தவறு வேறு எங்கெல்லாம் நடந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்தேன், தேடத் தேட எனக்கு வயிற்றைக் கலக்கியது.

2000-ல் மைக்ரோசாஃப்டின் ஐஐஎஸ் வெப் சர்வரில் வந்த ஓட்டையின் எலும்பைப் பார்த்தால் என் நான்கு வரிதான். பாதையில் மேலே ஏறும் குறி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு யூனிகோட் குறியீடுகளை எழுத்தாக மாற்றியது. சாய்கோட்டை, யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில், செல்லாத நீட்டிய வடிவில் இரண்டு பைட்டாக எழுதி அனுப்பினால் சோதனைக்கு அது சாய்கோடாகத் தெரியாது, மாற்றத்துக்குப் பிறகு சாய்கோடாகிவிடும். மறு வருடம் செப்டம்பரில் பரவிய நிம்டா புழு பயன்படுத்திய வழிகளில் இதுவும் ஒன்று. சரி, அது பழைய காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் அப்பாச்சி வெப் சர்வர். 2.4.49 பதிப்பில் பாதையைச் சீர்ப்படுத்தும் பகுதியை மாற்றி எழுதினார்கள். இரண்டு புள்ளிகளில் இரண்டாவதை மட்டும் சதவீதக் குறி போட்ட குறியீடாக அனுப்பினால் அது கண்ணில் படாமல் போனது. அக்டோபர் 4-ம் தேதி 2.4.50 வந்தது. குறியீட்டையே இன்னொரு முறை குறியீடாக்கி அனுப்பினால் அதுவும் போதவில்லை, அக்டோபர் 7-ம் தேதி 2.4.51 வந்தது. உலகத்தில் அதிகம் பேர் பார்க்கும் நிரல்களில் ஒன்று அது, அதை எழுதுகிறவர்களுக்கு இந்த விஷயம் என்னைவிடப் பல மடங்கு தெரியும். அவர்களாலேயே மூன்று நாளில் இரண்டு முறை பிடிக்க வேண்டியிருந்த மீனை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பக்கை அவசரமாகச் சரிசெய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும் ஒருவன் முதல் முறையிலேயே பிடித்துவிடுவான் என்று எதிர்பார்த்து உங்கள் ஃபங்ஷன்கள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன.

பயனர் கொடுத்த பாதையைப் பாதுகாப்பாகப் பிரித்துப் படிக்கும் வேலையை எங்கள் தலையில் கட்டாதீர்கள். இதைக் கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். அதை நீங்கள் செய்யுங்கள், ஒரே ஒரு முறை, எல்லா மாற்றங்களும் முடிந்த பிறகு. அப்புறம் அந்த வழியைத்தான் சின்னப் பெயருள்ள, முதலில் கண்ணில் படும், டிஃபால்ட் வழியாக வையுங்கள்.

இப்போது இருப்பது தலைகீழாக இருக்கிறது. பைத்தானில் ஓஎஸ்.பாத்.ஜாயின், ரஸ்டில் பாத்தின் ஜாயின், சி++17-ல் பாதைகளை ஒட்டும் சாய்கோடு, மூன்றுமே இரண்டாவது முழுப்பாதையாக இருந்தால் முதலாவதை விட்டுவிடும். கோ மொழியின் ஜாயின் அப்படிச் செய்யாது, ஒட்டிவிட்டு .. குறிகளையும் மடக்கிவிடும், ஆனால் மடக்கிய பிறகு ஃபோல்டருக்கு வெளியே போய் நின்றாலும் கவலைப்படாது. நோடில் பாத்.ஜாயின் ஒரு விதம், பாத்.ரிசால்வ் வேறு விதம். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது, ஆவணத்தில் எழுதியும் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஷெல்லில் ஒருவர் உட்கார்ந்து தன் கணினியில் ஃபோல்டர் மாற்றுகிறார் என்றால் இந்த நடத்தைதான் சரி. ஆனால் இணையத்தில் வரும் பெயருக்கும் இதே ஃபங்ஷன்தான் கைக்கு வருகிறது. நம்பகமான பாதைகளை ஒட்டுவது ஒரு வேலை, நம்பகமில்லாத பெயரை ஒரு எல்லைக்குள் வைப்பது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே பெயர் போட்டதுதான் வினை.

சரி, ஜாயின் செய்த பிறகு எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்க்கிறார்கள். எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை நான் எத்தனையோ நிரல்களில் பார்த்திருக்கிறேன்: வந்த பாதை, அடிப்படை ஃபோல்டரின் பெயரில் தொடங்குகிறதா என்று ஸ்ட்ரிங்காக ஒப்பிடுவார்கள். அடிப்படை /தரவு/வரவு. பக்கத்திலேயே /தரவு/வரவு-பழையது என்று ஒரு ஃபோல்டர் இருந்தால்? அதுவும் /தரவு/வரவு என்றுதானே தொடங்குகிறது! ஜாவாவில் கெனானிகல் பாதையை (.. எல்லாம் மடக்கி, லிங்க்குகளைத் தீர்த்த முழுப்பாதை) வாங்கி ஸ்ட்ரிங்கின் ஸ்டார்ட்ஸ்வித் போடும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. அதே ஜாவாவில் பாத் வகைக்கென்று தனியாக ஒரு ஸ்டார்ட்ஸ்வித் உண்டு, அது துண்டு துண்டாகச் சரியாக ஒப்பிடும். ஒரே பெயர், இரண்டு நடத்தை, எது எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து. பைத்தானின் பாத்லிப் வகையில் 3.9 முதல் இஸ்-ரிலேட்டிவ்-டு இருக்கிறது, துண்டு துண்டாகத்தான் ஒப்பிடும், நல்லது. ஆனால் நடுவில் .. இருந்தால் அதை மடக்காமலே ஒப்பிட்டு, ஆமாம் உள்ளேதான் இருக்கிறது என்று சொல்லிவிடும். சிம்லிங்க், அதாவது வேறோர் இடத்தைக் காட்டும் குறுக்குவழி, இருந்தால் .. எங்கே போகும் என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, அதனால்தான் மடக்கவில்லை, அது நியாயமான முடிவுதான். இந்த நியாயம் எல்லாம் தெரிந்தவர்களுக்கு உங்கள் உதவியே தேவையில்லை, தெரியாதவர்களுக்குத்தான் அந்த ஃபங்ஷன்.

இன்னொரு வகை இருக்கிறது, சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புவது. பெயரில் ../ இருந்தால் அதை நீக்கிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்வது. ....// என்று கொடுத்துப் பாருங்கள். நடுவிலிருக்கும் ../ நீங்கும், இரண்டு பக்கமும் மிச்சமிருப்பது சேர்ந்து அழகாக இன்னொரு ../ ஆகும். தயவுசெய்து எந்த லைப்ரரியும் பாதையைப் பழுது பார்க்க வேண்டாம். சந்தேகமாக இருந்தால் பிழை எழுப்புங்கள், சத்தமாக, அந்த இடத்திலேயே ஓட்டம் நிற்கிற மாதிரி. வெற்று மதிப்பைத் திருப்பி அனுப்பிவிட்டு, அழைத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விடுவதும் வேண்டாம். அழைத்தவர் பார்க்கமாட்டார்.

ஆவணத்தில் எச்சரிக்கை எழுதினால் போதாதா என்று நினைப்பவர்களுக்கு ஜிப் மாதிரியே இன்னொரு தொகுப்பு வடிவமான டார் கோப்புகளைப் பிரிக்கும் பைத்தானின் டார்ஃபைல் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இது எனக்கு மனப்பாடம்.

டார் கோப்புக்குள் இருக்கும் பெயர்களில் .. இருந்தால் பிரிக்கும்போது வெளியே எழுதிவிடும் என்பது 2007-லேயே தெரியும், பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலான சிவிஇ-யில் சிவிஇ-2007-4559 என்று எண்ணும் கொடுத்தாயிற்று. அப்போது எடுத்த முடிவு, ஆவணத்தில் எச்சரிக்கை போடுவது: நம்பகமில்லாத இடத்திலிருந்து வந்த டார் கோப்பைப் பார்க்காமல் பிரிக்காதீர்கள் என்று. டார் வடிவமே அப்படித்தான், லைப்ரரி தன் வேலையைத்தான் செய்கிறது என்பது வாதம். வாதமாகப் பார்த்தால் பிழையில்லை. 2018 ஜூனில் ஸ்னிக் நிறுவனத்தார் ஜிப் ஸ்லிப் என்று பெயர் வைத்து இதே வகை ஓட்டையை எத்தனையோ மொழிகளின் எத்தனையோ லைப்ரரிகளில் காட்டினார்கள். ஜாவாவில் அதிகமாக இருந்தது, காரணம் கேட்டால் என் கதைதான்: மொத்தமாகப் பிரிக்க மொழியோடு வரும் பொதுவான வசதி இல்லாததால் ஒவ்வொருவரும் கையால் எழுதிய அதே சில வரிகள், ஒருவரிடமிருந்து ஒருவர் நகல் எடுத்துப் பரவியிருந்தன. 2022-ல் ட்ரெல்லிக்ஸ் ஆய்வாளர்கள் டார்ஃபைல் விஷயத்தை மறுபடி கிளறி, 3,50,000-க்கும் மேற்பட்ட திறமூலத் திட்டங்களில் இது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். எச்சரிக்கை எழுதி 15 வருடம் கழித்து! அவ்வளவு பேரும் ஆவணம் படிக்காத சோம்பேறிகளா? எடுத்துக்காட்டில் ஒரு வரி இருந்தது, அந்த வரி ஓடியது, அதனால் எழுதினார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி, மனசாரப் பாராட்டவும் செய்கிறேன். பெப் 706 என்ற முன்மொழிவு வந்தது. பிரிக்கும்போது ஃபில்டர் என்று ஒன்றைச் சொல்லலாம், டேட்டா என்று சொன்னால் வெளியே போகும் பெயர்கள், வெளியே காட்டும் லிங்க்குகள், சாதனக் கோப்புகள் எல்லாம் நிராகரிக்கப்படும். 2023 அக்டோபரில் வந்த 3.12-ல் ஃபில்டர் சொல்லாமல் விட்டால் எச்சரிக்கை காட்டியது. 2025 அக்டோபரில் வந்த 3.14-ல் டேட்டா டிஃபால்ட் ஆகிவிட்டது. இப்போது அதே பழைய ஒற்றை வரியை எழுதுகிறவர் எதையும் படிக்காமலே காப்பாற்றப்படுகிறார். பழைய நிரல்கள் உடையும், பின்னோக்கிய இணக்கம் போய்விடும் என்று பயந்ததெல்லாம் என்ன ஆனது? இரண்டு வருடம் எச்சரித்தார்கள், முழு நம்பிக்கை வேண்டும் என்கிறவர்களுக்கு அதையும் ஒரு ஃபில்டர் பெயராக வைத்தார்கள், மாற்றினார்கள். ஆக, முடியும். 2007-லிருந்து 2025 வரை 18 வருடம் ஆனதுதான் எனக்கு ஆறவில்லை.

இதில் இன்னொரு திருப்பம். 2025 ஜூனில் அந்த டேட்டா ஃபில்டரிலேயே ஓட்டை வந்தது, சிவிஇ-2025-4517. சோதனை எப்படி நடந்தது என்றால், கோப்பு கடைசியில் எங்கே போய் விழும் என்பதை உண்மைப் பாதையாகக் கணக்கிட்டு, அது உள்ளே இருக்கிறதா என்று பார்த்தது. லினக்ஸில் பாதையின் நீள வரம்பு 4096 பைட். சிம்லிங்க்குகளை அடுக்கி அந்த வரம்பைத் தாண்ட வைத்தால், உண்மைப் பாதையைக் கணக்கிடும் ஃபங்ஷன் பாதியில் லிங்க்குகளைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டு, கையில் இருப்பதை அப்படியே திருப்பித் தந்தது. சோதனை பார்த்த ஸ்ட்ரிங் ஒன்று, கோப்பை உண்மையில் திறக்கும் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, போய்ச் சேர்ந்த இடம் வேறொன்று. இவ்வளவு கவனமாக, இவ்வளவு பேர் பார்த்து எழுதியதிலும் இது வந்தது என்றால், ஸ்ட்ரிங்காகப் பார்த்துவிட்டுப் பிறகு திறப்பது என்ற முறையிலேயே இடைவெளி இருக்கிறது. பார்ப்பதற்கும் திறப்பதற்கும் நடுவில் யாராவது ஒரு ஃபோல்டரை சிம்லிங்க்காக மாற்றிவிட்டால் என்ன ஆகும் என்பதும் அதே இடைவெளிதான்.

அதனால் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறேன். சரிபார்த்த ஸ்ட்ரிங்கைத் திருப்பித் தராதீர்கள். திறந்த கோப்பையே தாருங்கள். கர்னல் இதற்குத் தயாராக இருக்கிறது. 2020-ல் வந்த லினக்ஸ் 5.6-ல் ஓப்பன்-அட்-2 என்ற சிஸ்டம் கால் வந்தது, இந்த ஃபோல்டருக்குக் கீழேயே இருக்கும்படி பாதையைத் தீர்த்துக்கொடு, எந்த இடத்திலாவது வெளியே போனால் பிழை என்று அதனிடம் சொல்லலாம். .. ஆனாலும் சரி, சிம்லிங்க் ஆனாலும் சரி, கர்னல் நடக்கும்போதே பார்க்கிறது, பார்ப்பதும் திறப்பதும் ஒரே செயல். கோ மொழிக்காரர்கள் இதை அழகாகச் செய்திருக்கிறார்கள். 2023-ல் 1.20 பதிப்பில் இஸ்லோக்கல் என்று ஒரு சோதனை ஃபங்ஷன் கொடுத்தார்கள், பெயரை மட்டும் பார்க்கும், விண்டோஸின் வில்லங்கங்களையும் சேர்த்து. பிறகு 2025 பிப்ரவரியில் 1.24-ல் ஓஎஸ்.ரூட் என்ற வகை வந்தது. ஒரு ஃபோல்டரை ரூட்டாகத் திறக்கிறீர்கள், அதன் மீதே ஓப்பன், கிரியேட், ரிமூவ் எல்லாம் அழைக்கிறீர்கள், எந்தப் பெயரைக் கொடுத்தாலும் அந்த ரூட்டைத் தாண்டாது. சிம்லிங்க் உள்ளேயே சுற்றினால் பரவாயில்லை, வெளியே போனால் பிழை. ரஸ்டில் கேப்-எஸ்டிடி என்ற லைப்ரரி இதே எண்ணத்தில் இருக்கிறது. நான் ஓஎஸ்.ரூட்டை வைத்து அந்த இதழ்த் தொகுப்பின் ஏற்றப் பகுதியை ஒரு வார இறுதியில் திருப்பி எழுதிப் பார்த்தேன். சோதனை வரி ஒன்றுகூட இல்லை. தம்பியின் அந்தப் பழைய ஜிப்பை ஏற்றினேன், பிழை என்று வந்தது, அன்று வந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல வரவில்லை.

விண்டோஸைப் பற்றி நான் நீட்டவில்லை, உங்களுக்கே தெரியும். கான், நல், ஆக்ஸ் என்று டாஸ் காலத்துச் சாதனப் பெயர்கள் இன்றும் கோப்புப் பெயராக வந்தால் தொல்லை, கடைசியில் இருக்கும் புள்ளியும் இடைவெளியும் காணாமல் போவது, டிரைவ் எழுத்துக்குப் பிறகு சாய்கோடு இல்லாவிட்டால் அந்த டிரைவில் அப்போது நின்றுகொண்டிருக்கும் ஃபோல்டரைக் குறிப்பது. இதையெல்லாம் சாதாரணமாக நிரல் எழுதும் ஒருவர் நினைவில் வைத்திருக்க முடியாது, வைத்திருக்கவும் தேவையில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை நீங்கள் அவ்வளவாகப் பார்த்திருக்க மாட்டீர்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் டெஸ்ட் கோப்புகளில் ஆங்கிலப் பெயர்கள்தான் இருக்கின்றன, மிஞ்சிப் போனால் ஒரு ஈமோஜி.

எங்கள் தொகுப்பில் "பொங்கல் சிறப்பிதழ்" என்று ஒரு ஃபோல்டர். கண்ணுக்குப் பத்து எழுத்து, நடுவில் ஓர் இடைவெளி. டிஸ்கில் அது 52 பைட். ஒவ்வொரு தமிழ் யூனிகோட் குறியீட்டுக்கும் யுடிஎஃப்-8-ல் 3 பைட் வேண்டும், மெய்யெழுத்தின் புள்ளியும் தனி, உயிர்மெய்யின் குறியும் தனி. லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டங்களில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் வரம்பு, அதாவது 85 குறியீடு. இதழ் பெயர், மலர், இதழ் எண், மாதம், கட்டுரைத் தலைப்பு என்று போட்டால் சுலபமாகத் தாண்டிவிடும். சில லைப்ரரிகள் பெயர் நீளமானால் உதவி செய்வதாக நினைத்து 255-ல் வெட்டிவிடுகின்றன. ஓர் எழுத்தின் நடு பைட்டில் வெட்டினால் செல்லாத பெயர் கிடைக்கும், அது போகட்டும். வால் பகுதியில் இருக்கும் கோப்பு வகை போய்விடும், அதுதான் விஷயம். வகையைச் சோதித்த பிறகு வெட்டினால், நீங்கள் சோதித்தது ஒரு பெயர், டிஸ்கில் எழுதியது வேறு பெயர். என்னுடைய அந்த இரண்டு வரி இடம் மாறிய கதையேதான், இந்த முறை லைப்ரரிக்குள்ளேயே.

அடுத்து "பொ". இதை ப-வுக்குப் பின் ஒரே ஒகரக் குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். யூனிகோட் இரண்டையும் ஒன்றுதான் என்கிறது, திரையிலும் ஒரு வித்தியாசமும் தெரியாது, ஆனால் பைட்டுகள் வேறு. லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் சாதாரணமாக இரண்டையும் வேறு வேறு பெயராக வைத்துக்கொள்ளும். மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ எல்லாவற்றையும் பிரித்த வடிவில்தான் சேமிக்கும், இப்போதைய ஏபிஎஃப்எஸ் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும். ஒரு தன்னார்வலர் மேக்கிலும் இன்னொருவர் விண்டோஸிலும் வேலை பார்த்ததில் எங்கள் சர்வரில் இரண்டு "பொங்கல் சிறப்பிதழ்" பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, ஒன்றில் பாதிப் பக்கம், மற்றதில் மீதிப் பக்கம். இது வெறும் தொல்லைதானே, பாதுகாப்புக்கு என்ன சம்பந்தம் என்றால், இந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா, இந்தப் பெயர் தடை செய்யப்பட்டதா என்று நீங்கள் ஸ்ட்ரிங்காக ஒப்பிடும் ஒவ்வோர் இடத்திலும் ஃபைல் சிஸ்டத்தின் கருத்தும் உங்கள் கருத்தும் வேறாக இருக்கிறது. நிரலின் மாற்றங்களைச் சேமித்து வைக்கும் கிட் என்ற கருவியில் 2014 டிசம்பரில் வந்த சிவிஇ-2014-9390 சரியாக இதுதான். தன் உள் ஃபோல்டரின் பெயரில் யாரும் கோப்பு வைக்கக் கூடாது என்று கிட் தடுத்திருந்தது. மேக்கிலும் விண்டோஸிலும் சாதாரணமாகப் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் கிடையாது. அதற்கு மேல் எச்எஃப்எஸ்+ கண்ணுக்குத் தெரியாத சில யூனிகோட் குறிகளை இல்லாதது போலவே பாவித்தது. அப்படி ஒரு குறியை நடுவில் செருகினால் கிட் வேறு பெயர் என்று நினைக்கும், டிஸ்க் அதே பெயர் என்று நினைக்கும். அந்தக் குறிகளில் ஒன்று இணைப்பைத் தடுக்கும் அகலமில்லாக் குறி. தமிழில் அதற்கு நேர்மையான வேலை உண்டு, க் பக்கத்தில் ஷ வந்து இரண்டும் சேர்ந்து க்ஷ ஆகிவிடாமல் தனித்தனியாக நிற்க அதைத்தான் போடுகிறோம். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத குறி எல்லாவற்றையும் தடை செய் என்று ஒரே போடாகப் போட்டுவிடாதீர்கள், எங்கள் எழுத்தும் அதில் அடிபடும். உங்களைப் போன்றவர்கள் நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் இது, ஒவ்வொரு வெப்சைட்டிலும் ஒருவர் கையால் எழுதும் பட்டியலில் இதற்குத் தீர்வு வராது.

உங்களில் பலர் சம்பளமில்லாமல், இரவில், குழந்தை தூங்கிய பிறகு இந்த வேலையைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். நாளைக்கே எல்லாவற்றையும் மாற்றுங்கள் என்று கேட்கவில்லை. பழைய ஜாயின் அப்படியே இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு அடிப்படை ஃபோல்டரையும் நம்பகமில்லாத பெயரையும் வாங்கிக்கொண்டு, உள்ளே இருந்தால் கோப்பைத் திறந்து தரும், இல்லாவிட்டால் பிழை எழுப்பும் ஒன்றை வையுங்கள், அதை ஆவணத்தின் முதல் எடுத்துக்காட்டாகப் போடுங்கள். ஜிப், டார் மாதிரி மொத்தமாகப் பிரிக்கும் வசதி உங்கள் லைப்ரரியில் இருந்தால் அதில் கண்டிப்பான வழியை டிஃபால்ட் ஆக்குங்கள், தேவைப்படுகிறவர் தளர்த்திக்கொள்ளட்டும், தளர்த்துகிறோம் என்பது அவர் எழுதும் வரியிலேயே தெரிகிற மாதிரி ஒரு பெயர் வையுங்கள். "பாதையைச் சரிபார்ப்பது அழைப்பவரின் பொறுப்பு" என்று ஒரு பக் அறிக்கையை மூடும் முன், அந்த அழைப்பவர் சரியாகச் செய்ய உங்கள் லைப்ரரியில் என்ன ஃபங்ஷன் இருக்கிறது என்று ஒரு முறை தேடிப் பாருங்கள். கிடைத்தால் அதன் பெயரைச் சொல்லி மூடுங்கள். கிடைக்காவிட்டால் அந்த அறிக்கையைத் திறந்தே வையுங்கள்.

என் பங்குக்கு ஒன்று தர முடியும். அந்த இரவுக்குப் பிறகு நான் பார்க்கும் ஒவ்வொரு கோணலான பெயரையும் ஒரு கோப்பில் சேர்த்து வருகிறேன்: தம்பியின் ..\..\பொது\வணக்கம், நடுவில் குறியீட்டுக்குள் குறியீடு, ....//, 85 குறியீட்டை எட்டும் தமிழ்த் தலைப்பு, அதில் ஒன்று கூடிய தலைப்பு, இரண்டு விதமாக எழுதிய "பொ", க்-கும் ஷ-வும் நடுவில் தெரியாத குறியோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் என்ன நடக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எந்த உரிம நிபந்தனையும் இல்லாமல், யார் வேண்டுமானாலும் அப்படியே எடுத்துத் தங்கள் டெஸ்ட்டுகளில் போட்டுக்கொள்ளலாம். உங்கள் லைப்ரரிக்கு வேண்டுமென்றால் சொல்லுங்கள், எந்த வடிவில் கேட்கிறீர்களோ அந்த வடிவில் மாற்றி நானே புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன்.

அன்புடன்,
இன்னும் அந்த இதழ்களை ஏற்றிக்கொண்டிருக்கும் ஒரு நிரலாளன்